தினமும் தலைவலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை: வேலையை விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024, மாலை

கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெண், வயது 36. சென்ற தீபாவளிக்குப் பிறகு தலைவலி இல்லாத நாள் என்று ஒன்றை நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை. கண் சோதனை செய்து கண்ணாடியை மாற்றினேன். சைனஸ் என்றார்கள், ஆவி பிடித்தேன். கடைசியில் மூளைக்கு ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் அலுவலகத்திலும் என் பேச்சை யாரும் நம்புவதில்லை. காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பேருந்து ஏறுகிறேன். மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய வாரத்தில் மதியமும் ஒன்று போடுகிறேன். ஸ்கேனில் தெரியாத தலைவலிக்கு மருந்து உண்டா, அல்லது வேலையை விடுவதுதான் வழியா?

பதில், 3 பிப்ரவரி, இரவு

வேலையைப் பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு விவரம் தேவை: ஜனவரியில் எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள்? எத்தனை மாத்திரை என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்றுதான் கேட்கிறேன்.

4 பிப்ரவரி

அவர் எண்ணிச் சொல்லும்வரை ஸ்கேனைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. கட்டி, இரத்தக்கசிவு, இரத்தக்குழாய் அடைப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்வதற்காகத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆகவே நார்மல் என்ற அறிக்கை, நோயே இல்லை என்ற சான்றிதழ் ஆகாது. மைக்ரேனை மருத்துவர் கண்டறிவது நாம் சொல்லும் விவரங்களைக் கொண்டுதான். 2018-இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு இதற்குத் தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. மருந்து எடுக்காவிட்டால் வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். ஒரு பக்கமாக இருப்பது, விண்விண் என்று தெறிப்பது, மிதமானதாகவோ கடுமையாகவோ இருப்பது, நடந்தாலோ படி ஏறினாலோ கூடுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதோடு குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும், அல்லது வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே சகிக்க முடியாமல் போக வேண்டும். இப்படி ஐந்து முறையாவது வந்திருந்தால் மைக்ரேன் என்று கொள்ளலாம்.

நான் கரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை; எனக்கும் மைக்ரேன் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் மாடியில் இருக்கிறது. வலி நாளில் முதல் மாடி வரை எப்படியோ ஏறிவிடுவேன். அதற்கு மேல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வலது நெற்றிப்பொட்டில் ஓர் அடி விழும். பின்னால் வரும் மாணவர்கள் டீச்சருக்கு மூட்டுவலி என்றே நினைத்திருந்தார்கள். நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டதே, "படி ஏறினால் கூடுகிறதா?" என்பதுதான். அதற்கு முன் பார்த்த யாரும் அதைக் கேட்டதில்லை.

4 பிப்ரவரி, சிறிது நேரம் கழித்து

மேலே எழுதியதை, ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படியல்ல. வாழ்நாளில் கண்டிராத கடுமையோடு ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ வலிப்போ சேர்ந்த தலைவலி, 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின்னரோ புதிதாக வரும் தலைவலி, குனிந்தாலும் இருமினாலும் கண் இருண்டு போகும் தலைவலி ஆகியவற்றுக்கு இங்கே வந்து கேள்வி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

5 பிப்ரவரி

இந்தக் கேள்விக்குக் கருத்து எழுதியவர்களில் பித்தம் என்று ஒருவர், கண் திருஷ்டி என்று ஒருவர், தலைக்கு எண்ணெய் வைக்காததுதான் காரணம் என்று மூவர். எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே விகிதம்தான். கணித ஆசிரியர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தைல டப்பாவை மேசையின் குறுக்கே தள்ளிவிடுவார். நெற்றியில் சுக்குப் பற்றும் தைலமும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் தினமும் வரும் நோய்க்கு அவை போதா.

7 பிப்ரவரி

ஜனவரியில் 25 நாள் என்று அவர் பதில் எழுதியிருக்கிறார்; வலி இருந்தது ஏறக்குறைய எல்லா நாளும். நான் பயந்தது இதைத்தான்.

ஏற்கெனவே மைக்ரேனோ, தலையை இறுக்கிப் பிடிப்பது போன்ற அழுத்தத் தலைவலியோ உள்ள ஒருவர் வலி நிவாரணிகளை அடிக்கடி எடுத்துவந்தால், அந்த மாத்திரையே வலியை நிலைக்கச் செய்துவிடுகிறது. இதை மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி என்கிறார்கள். தலைவலி மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் இருந்து, மூன்று மாதத்துக்கு மேலாக பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற தனி மருந்துகளை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்துவந்தால் இந்தக் கணக்கில் வரும். டிரிப்டான், எர்காட்டமின் என்ற மைக்ரேன் மருந்துகள், ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்து, பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரை ஆகியவற்றுக்கு எல்லை இன்னும் குறைவு, 10 நாள்தான். அதனால்தான் மாத்திரையை விட்டு நாளைக் கேட்டேன். ஒரே நாளில் மூன்று போட்டவரைவிட, தினமும் ஒன்று போடுபவர்தான் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்.

கையில் இருக்கும் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள உட்பொருள்களைப் படியுங்கள். மருந்துக்கடையில் "தலைவலிக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கிடைப்பவற்றில் பல பாராசிட்டமாலோடு காஃபீனையும் வேறொன்றையும் சேர்த்தவை. சிலவற்றில் எர்காட்டமினும் இருக்கிறது. வேதியியல் படித்த நானே ஐந்தாறு ஆண்டுகள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை, முன்பக்கத்து நிறத்தைச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். எர்காட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள் டிரிப்டான் போடக் கூடாது என்பதும் கடையில் யாரும் சொல்லாத விஷயம்.

8 பிப்ரவரி

"அப்படியானால் நாளையே எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நிறுத்தியவுடன் வலி முதலில் கூடும். 2 முதல் 10 நாள் வரை குமட்டலும் தூக்கமின்மையும் எரிச்சலும் சேர்ந்து வாட்டும். பாராசிட்டமாலை ஒரேயடியாக நிறுத்தலாம், தாங்கிக்கொண்டால் போதும். ஓபியாய்டு கலந்த மாத்திரையையோ தூக்க மாத்திரை வகை சேர்ந்ததையோ தன்னிச்சையாக நிறுத்துவது ஆபத்து. அதை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கிடையிலும் இதில் இரு கட்சிகள் உண்டு. முழுவதும் நிறுத்தினால்தான் பலன் என்பது ஒரு கட்சி. 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட மைக்ரேனோடு மருந்து மிகையும் இருந்த 720 பேரை 34 மருத்துவ நிலையங்களில் இரு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும், வலி வரும் நாள்களைக் குறைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஒரு குழு, அதிகம் எடுத்துவந்த மாத்திரையை நிறுத்தி வேறொன்றை அளவோடு எடுத்தது, மற்றொன்று பழையதையே தொடர்ந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே தேறியிருந்தன. நிறுத்துவதைவிடத் தடுப்பு மருந்தைத் தொடங்குவதே முதன்மையானது என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். என் மருத்துவரோ நிறுத்தும் கட்சிக்காரர். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நிறுத்தச் சொன்னார், அந்த விடுமுறை எப்படிப் போனது என்பதை என் கணவர்தான் எழுத வேண்டும்.

8 பிப்ரவரி, பின்குறிப்பு

காப்பியை மறந்துவிட்டேன். தினமும் மூன்று டம்ளர் டிகாக்ஷன் காப்பி குடிப்பவர் மாத்திரையையும் காப்பியையும் ஒரே நாளில் விட்டால், எது எதனால் வலிக்கிறது என்றே தெரியாது. காப்பியை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அதற்கென்றே ஒரு தலைவலி தொடங்கும். வாரத்துக்கு அரை டம்ளர் வீதம் படிப்படியாகக் குறைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழும் அன்று மட்டும் தலை வலிப்பதற்கும் பலருக்கு இதுவே காரணம்.

12 பிப்ரவரி

சைனஸைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். 2004-இல் அமெரிக்காவில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களே நம்பிய அல்லது மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் வரும்போது மூக்கடைப்பும் கண்ணில் நீர் வடிதலும் கன்னத்தில் பாரமும் இயல்பாகவே சேர்ந்து வரக்கூடும் என்பதால் ஏற்படும் குழப்பம் இது. காய்ச்சலும், மூக்கிலிருந்து கெட்டியான மஞ்சள் சளியும் இல்லாமல் ஆண்டு முழுவதும் தொடரும் "சைனஸ்" மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டு பட்டை மாட்டிக்கொண்டு திரிபவர்களிலும் பலருக்குப் பிடரி இறுக்கம் மைக்ரேனின் ஒரு பகுதியாகவே வருகிறது.

12 பிப்ரவரி, இரவு

தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் வீடுகளில் சொல்வதைக் கிண்டல் செய்ய வேண்டாம். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டுவதை 2006-இல் ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் விவரித்திருக்கிறார். நீண்ட கூந்தல் ஈரத்தோடு கனத்துக் கிடக்கும் ஊரில்தான் அது கண்ணில் படும். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரதம் என்று காலை உணவையும் விட்டுவிட்டு முதல் பாடவேளைக்குப் போனால் எனக்கு மூன்றாம் பாடவேளையில் வலி நிச்சயம். இப்போது முந்தைய நாள் மாலையிலேயே குளித்து உலர்த்திவிடுகிறேன். விரதத்தை விட்டதில் மாமியாருக்கு இன்னும் வருத்தம்.

20 பிப்ரவரி

தூண்டுதல்களைப் பற்றி அதிகம் பேசிவிட்டோமோ என்று இந்த ஒரு வாரமாகத் தோன்றுகிறது. வெயில், மல்லிகை வாசனை, சாம்பிராணி, தூக்கக்குறைவு, ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு நடக்கும் வாரத்தின் அம்மோனியா நெடி என்று நான் எழுதிவைத்த பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் எதைத் தின்றாலும் எங்கே போனாலும் வலி வருமோ என்ற அச்சமே மிஞ்சியது. திருமண வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன், வலி குறையவில்லை.

மைக்ரேன் என்பது தலைவலியோடு தொடங்குவதில்லை என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். வலிக்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமற்ற சிடுசிடுப்பு, இனிப்பின் மேல் அடங்காத ஆசை ஆகியவை வந்துவிடும். அந்த ஆசையில் சாக்லேட் தின்கிறோம், பிறகு வலி வருகிறது, சாக்லேட்டால் வந்தது என்று எழுதிக்கொள்கிறோம். உண்மையில் நோய் முன்பே தொடங்கிவிட்டது, சாக்லேட் அதன் பின்னால் வந்தது. ஆகவே நோட்டில் நான்கு கட்டங்கள் போதும் என்று நினைக்கிறேன்: வலி இருந்ததா, எவ்வளவு கடுமை, மாத்திரை என்ன, மாதவிடாய் நாளா. தூக்கமும் உணவும் வேளை தவறாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றவற்றில் திரும்பத் திரும்பத் தெளிவாகப் பிடிபடுவதை மட்டும் தவிர்த்தால் போதும்.

25 பிப்ரவரி

நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டதாகவும், நாட்பட்ட மைக்ரேன், அதோடு மருந்து மிகை என்று சொன்னதாகவும், அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் எழுதிக் கொடுத்ததாகவும் அவர் தெரிவித்திருக்கிறார். "இது மனச்சோர்வுக்கான மருந்தாமே, என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?" என்பது அவர் கேள்வி.

இல்லை. மைக்ரேன் தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை முதலில் வேறு நோய்களுக்காக வந்தவை. புரோப்ரனலால் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வந்தது, டோப்பிரமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்புக்கு வந்தவை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவில்தான் அமிட்ரிப்டிலினை இங்கே தொடங்குகிறார்கள். வாய் உலர்தல், காலையில் மந்தம், சிறிது எடை கூடுதல் இருக்கும். மாத்திரையை இரவு எட்டு எட்டரை மணிக்கே போட்டால் காலை மந்தம் குறைகிறது என்பது என் அனுபவம், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புரோப்ரனலாலைத் தவிர்க்க வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வால்ப்ரோயேட்டும் டோப்பிரமேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. டோப்பிரமேட் எனக்கு ஒத்துவரவில்லை. விரல் நுனி மரத்துப்போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கரும்பலகையின் முன் நின்றுகொண்டு, "பொட்டாசியம்" என்று சொல்ல வாய் வராமல் பொருளை மட்டும் மனதில் வைத்துத் தவித்த நாளில் மருந்தை மாற்றச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விடக் கூடாது. சரியான அளவை எட்டிய பிறகு இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் மதிப்பிட முடியும். வலி அறவே நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். எனக்கு அது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்தப் பாதியில் எத்தனை வகுப்புகளை உட்காராமல் எடுத்திருக்கிறேன் என்று பார்த்தபோது ஏமாற்றம் போய்விட்டது.

2 மார்ச்

இனி வேலை. "மேலதிகாரியிடம் சொல்லாதீர்கள், பலவீனமாக நினைப்பார்கள்" என்று ஒருவர் அறிவுரை கூறியிருக்கிறார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, அது ஆகஸ்டுக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு வலியோடுதான் வகுப்பு. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஓடாத மின்விசிறிக்குக் கீழே, மதிப்பெண்ணைக் கூட்டி, மீண்டும் கூட்டி, இரண்டு முறையும் வேறு வேறு விடை வந்ததைப் பார்த்துப் பயந்துபோனேன். அது ஒரு மாணவனின் மதிப்பெண். அன்று முகாமில் என்னைக் கண்காணித்த அலுவலரிடம் வாய்திறந்து சொன்னேன். "தலைவலிதானே, எல்லோருக்கும் வருவதுதானே" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பில், 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது. எல்லோருக்கும் வருவதல்ல; ஆனால் ஆசிரியர் அறையில் எட்டுப் பேர் இருந்தால் இருவருக்கு இருக்கலாம். பள்ளியில் தலைமையாசிரியரிடம் மருத்துவர் கடிதத்தைக் கொடுத்து, விடுப்பு கேட்காமல் இரண்டை மட்டும் கேட்டேன்: மதியத்தின் முதல் பாடவேளை ஓய்வாக இருக்க வேண்டும், ஆய்வக வகுப்பு காலையில் இருக்க வேண்டும். கால அட்டவணையை மாற்றிக் கொடுத்தார். வலியைச் சொன்னால் அனுதாபம்தான் கிடைக்கிறது, அதுவும் இரண்டு நாளைக்கு. என்ன மாற்றம் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால் வேலை நடக்கிறது. கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது, மினுக்கும் குழல்விளக்கை மாற்றச் சொல்வது, 20-ஆம் தேதி வேலையை 15-ஆம் தேதியிலிருந்தே பிரித்துக்கொள்வது போன்றவற்றை நீங்கள் கேட்கலாம்.

2 மார்ச், பின்குறிப்பு

உங்கள் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஆலை இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால், அங்கே மருத்துவரையும் மருந்தையும் கட்டணமின்றிப் பெறலாம். மருத்துவர் சான்றளித்த நோய் நாள்களுக்கு, சந்தாக் கணக்கு சரியாக இருந்தால், ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை உதவித்தொகையும் உண்டு. சான்றிதழில் நோயின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைவலி என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், நாட்பட்ட மைக்ரேன் என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

3 மார்ச்

தியானம் உதவுமா என்ற கேள்விக்கு: மூச்சுப் பயிற்சியும் நடையும் தடுப்பு மருந்தோடு சேர்ந்து எனக்கு உதவின. மருந்துக்குப் பதிலாக அவை போதும் என்று சொல்பவரிடம் விவாதிக்க எனக்கு நேரமில்லை, விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

28 ஏப்ரல்

அவர் எழுதியிருக்கிறார். மாத்திரை நாள் 25-இலிருந்து 8 ஆகியிருக்கிறது; வலி நாள் 16. அமிட்ரிப்டிலினை 25 மி.கி. ஆக்கியிருக்கிறார்கள். கடும் வலி நாளுக்கென்று ஒரு டிரிப்டான் கொடுத்து, வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். வேலையில்தான் இருக்கிறார். "இன்னும் 16 நாள் இருக்கிறதே, ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

ஊசியில் இரண்டு வகை உண்டு. ஒன்று போட்டுலினம் (போட்டாக்ஸ்), நாட்பட்ட மைக்ரேனுக்கு அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்றது. நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் சிறு சிறு ஊசியாக 12 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். மற்றது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து. மைக்ரேனுக்கென்றே உருவாக்கப்பட்ட அந்த வகைத் தடுப்பு மருந்து ஊசிகளில் முதலாவது 2018-இல் அங்கே அனுமதி பெற்றது. அந்தப் புரதத்துக்கும் மைக்ரேனுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கு 2021-இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க் நாட்டுப் பரிசு கிடைத்தது. இரண்டும் இந்தியாவில் கிடைக்கின்றன. இரண்டும் நம் சம்பளத்துக்குக் கனமானவை. நீங்கள் இப்போதைய அளவில் இன்னும் இரண்டு மாதம் முடிக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் 25 எட்டானதை வைத்துப் பார்த்தால் இந்த மருந்துக்கு இன்னும் வாய்ப்பு கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஜூலையில் மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நான்கு கட்ட நோட்டைக் கொண்டுபோங்கள். 16 அப்படியே நின்றிருந்தால் இரண்டாவது தடுப்பு மருந்தைப் பற்றி முதலில் கேளுங்கள், ஊசியின் விலையை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.